கலிபோர்னியாவில் எனக்கு வாக்கு இல்லை

கலிபோர்னியாவில் எனக்கு வாக்கு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஒக்டோபர் மாதம் நான் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தவர்கள், அந்த மாநிலத்தையே எனக்குச் சீதனமாக எழுதித் தந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் இருப்பது கனடாவில், ஸ்காபரோவில், மார்க்கம் ரோட்டில், பதினோராம் மாடியில். கலிபோர்னியாவில் இருப்பது என் அக்காவும் அத்தானும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எனக்குப் போன் எடுத்தாள்.

"எடி, ஒரு புத்தகம் வந்திருக்கு. எலெக்சன் புத்தகம். எனக்கொண்டும் விளங்கேல்லை. நீ ஒருக்கா வீடியோவிலை வா."

அந்த மாநிலத்தில் ஆட்களுக்கு மட்டும் வாக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. சட்டங்களுக்கும் போட வேண்டும். இன்னது செய்யலாமா, கூடாதா என்று மாநிலம் முழுவதையும் கேட்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஓம், இல்லை என்று இரண்டு வட்டங்கள். அந்தத் தடவை ஏழு கேள்விகள். சூதாட்டம் பற்றியே இரண்டு. வாசனை சேர்த்த சிகரெட் பற்றி ஒன்று. எங்கள் ஒன்ராறியோவில் எனக்குத் தெரிந்து ஒரேயொரு தடவைதான் மாகாணம் முழுவதையும் இப்படிக் கேட்டார்கள், அதுவும் வாக்களிக்கிற முறையை மாற்றுவதா என்று. நான் விளங்காமலேயே ஒரு பக்கத்தில் புள்ளடி போட்டுவிட்டு வந்தவள். அப்படிப்பட்ட நான்தான் அக்காவுக்கு விளங்கப்படுத்தப் போனேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆனாலும் ஃபிரிட்ஜ் வாங்குவதிலிருந்து பல் பிடுங்குவது வரை என்னைக் கேட்டுத்தான் செய்வாள். அது அவளுக்கு வசதி. எனக்கும் வசதிதான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நான் வைத்தியசாலைகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். தமிழ் நோயாளி சொல்வதை டொக்டருக்கும், டொக்டர் சொல்வதை நோயாளிக்கும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். சொந்த அபிப்பிராயம் வாயில் வரவே கூடாது. பகல் முழுவதும் வாயைக் கட்டிவைத்திருப்பவள் வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுவேன். அக்காதான் அதற்கு முதல் ஆள்.

புத்தகத்தின் ஐந்தாவது கேள்வியைக் கண்டதும் எனக்கு மற்ற ஆறும் மறந்துபோயின. அது டயலிசிஸ் பற்றியது. சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம் செய்கிற கிளினிக்குகளில், சிகிச்சை நடக்கிற நேரம் முழுவதும் ஒரு டொக்டரோ, டொக்டருக்கு அடுத்த தரத்தில் பயிற்சி பெற்ற ஒருவரோ கட்டாயம் அங்கே நிற்க வேண்டும். அதைச் சட்டமாக்கலாமா என்பதுதான் கேள்வி. இதையொட்டி மாநிலத்தைக் கேட்பது அது மூன்றாவது தடவையாம்.

என் அத்தான் செவ்வாய், வியாழன், சனி அந்த இயந்திரத்தில் இருப்பவர்.

அத்தானுக்கும் அங்கே வாக்கு இல்லை. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்ட வருடம்தான் சிறுநீரகம் பழுதானது. நேர்முகத்துக்குக் கூப்பிட்ட நாள் அவர் வைத்தியசாலையில் கிடந்தார். அதற்குப் பிறகு அந்தக் கடதாசிகள் மேசை லாச்சிக்குள்ளேயே இருந்துவிட்டன. ஆகவே அந்த வீட்டில் இருந்த ஒரே வாக்கு அக்காவுடையது.

எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அந்த வருடம் கோடையில் ஒருநாள் இயந்திரத்தில் இருக்கும்போதே அத்தானுக்குப் பிரஷர் இறங்கி, ஆள் மயங்கிவிட்டார். அங்கே டொக்டர் இல்லை. ஊசி குத்துகிற நேர்ஸ் பிள்ளை ஒன்றுதான் ஓடிவந்து காலைத் தூக்கி வைத்து, சேலைன் விட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பியதாம். கூட்டிக்கொண்டு போக வந்த அக்கா வெளியே காருக்குள் இருந்தாள், ஒன்றும் தெரியாமல். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். டொக்டர் இல்லாத இடத்தில் மனிசன் செத்துப்போனால் ஆரைக் கேட்பது?

"உதுக்கு ஓம் போடு," என்றேன். "இதிலை என்ன கதை இருக்கு?"

"கிளினிக்கிலை ஒரு பேப்பர் குடுத்தவையடி. உது வந்தால் செலவு கூடுமாம், கன கிளினிக் பூட்டுப்படுமாம் எண்டு. இவர் போறதையும் பூட்டினால் மற்ற கிளினிக்குக்கு ஹைவேயாலை போகவேணும். நான் ஹைவேயிலை கார் ஓடமாட்டன், உனக்குத் தெரியும்தானே."

"சும்மா வெருட்டுகினம். கிளினிக் நடத்திறவை வேறை என்னத்தைச் சொல்லுவினம்?"

அக்கா தபாலில் வந்த துண்டுப்பிரசுரங்களைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினாள். நாளுக்கு இரண்டு மூன்று வந்தன. ஓம் என்று சொன்னவர்களின் கடதாசியிலும் ஒரு நோயாளி கதிரையில் சாய்ந்திருந்தார். இல்லை என்று சொன்னவர்களின் கடதாசியிலும் ஒரு நோயாளி அதேபோலச் சாய்ந்திருந்தார். இரண்டு பக்கத்திலும் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். எந்தப் பக்கம் வென்றாலும் மற்றப் பக்கத்து நோயாளி செத்துப்போவார் என்பதுபோல எழுதியிருந்தது. அக்காவுக்கு நித்திரை போய்விட்டது. எனக்கும் போனது, ஆனால் நான் வெளியே காட்டவில்லை.

பிறகு நாங்கள் எங்கள் குடும்பம் வழக்கமாகச் செய்வதைச் செய்தோம். எல்லாரையும் கேட்டோம். பக்கத்து நகரமான அஜக்ஸில் இருக்கிற எங்கள் மூத்த அண்ணை கான்பரன்ஸ் கோலில் வந்தார். அவர் கனடாத் தேர்தலில் வாக்குப் போட்டதை நான் கண்டதில்லை. ஆனால் அமெரிக்க அரசியலை அங்குலம் அங்குலமாகப் பிரித்துச் சொல்லுவார்.

"இதிலை ரெண்டு கதை இல்லை," என்றார் அண்ணை. "டொக்டர் நிண்டால் நல்லதோ கூடாதோ? நல்லது. முடிஞ்சுது."

என் மகளைக் கொண்டு குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு வாக்கெடுப்பும் போடுவித்தேன். லண்டன், சிட்னி, ஒஸ்லோ என்று சொந்தக்காரர் எல்லாரும் அமத்தினார்கள். பதினொரு ஓம், ஒரு இல்லை. அந்த ஒன்றும் விரல் பிழையாகப் பட்டுவிட்டது என்று ஒஸ்லோ மச்சாள் பிறகு மன்னிப்புக் கேட்டாள்.

"அம்மா, திஸ் இஸ் சோ வியர்ட்," என்றாள் மகள். "உங்க ஒருத்தருக்கும் அங்க வோட் இல்லை."

"உனக்கு விளங்காது. இது குடும்ப விசயம்," என்று அவளின் வாயை மூடினேன்.

அத்தான் அந்தக் குழுவில் இல்லை. அவரைச் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை, அக்கா இருக்கிறாள்தானே.

அடுத்த ஞாயிறு வாக்குச்சீட்டை நிரப்பினோம். அங்கே எல்லாருக்கும் சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும். அக்கா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, போனைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்தாள். கடதாசி மடிப்பு விழுந்து எழும்பி எழும்பி நின்றது. பக்கத்திலிருந்து அத்தானின் கை வந்து அதை அமத்திப் பிடித்தது. முதல்நாள் ஊசி குத்திய கை. முழங்கைக்குக் கீழே பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அந்தக் கையை மட்டும்தான் கண்டேன். முகம் திரைக்குள் வரவில்லை.

மற்ற ஆறு கேள்விக்கும் நான் சொல்லச் சொல்ல அக்கா வட்டங்களைக் கறுப்பாக்கினாள். டயலிசிஸ் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருந்தோம், அதற்கு வந்ததும் அவளுக்குப் பழைய பழக்கம் வந்திருக்க வேண்டும். ஊரில் வாக்குப் போட்ட மாதிரியே ஓம் என்ற சொல்லுக்கு மேலே குறுக்கும் மறுக்குமாகக் கோடிழுத்துப் பெரிதாக ஒரு புள்ளடி போட்டாள். வட்டம் வெறுமையாகவே கிடந்தது.

"ஐயோ அக்கா, என்ன வேலை பாத்தனீ. வட்டத்தை நிரப்பச் சொல்லியெல்லோ போட்டிருக்கு."

"புள்ளடிதானேயடி எங்கையும் போடுறது."

"உதை மெசின் வாசிக்காது. ஓமையே வெட்டினமாதிரிக் கிடக்கு."

ஆட்கள் பார்த்து, போட்டவரின் எண்ணம் என்னவென்று விளங்கினால் எண்ணுவார்கள், பயப்படத் தேவையில்லை என்று மகள் போனில் தேடிப் பார்த்துச் சொன்னாள். நான் விடவில்லை. இருக்கிற ஒரேயொரு வாக்கு, அதுவும் அத்தானின் உயிர் விசயத்தில், எவரோ ஒருவரின் கண்ணை நம்பி விடுவதா? தேர்தல் கந்தோருக்குப் போய் இந்தச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் புதுச் சீட்டு எடுத்துப் போடு என்று பிடிவாதமாக நின்றேன். புதன்கிழமை டயலிசிஸ் இல்லாத நாள், அத்தானையும் கூட்டிக்கொண்டு போ, தனியப் போகாதே என்றும் நானேதான் சொன்னேன்.

புதன் பின்னேரம் வாக்களித்துவிட்டேன் என்று எழுதிய ஸ்டிக்கரை அக்கா படம் பிடித்து அனுப்பினாள். ஓம்தானே போட்டனீ என்று கேட்டெழுதினேன். பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று வந்தது. எனக்கு அது போதுமாயிருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு மன அந்தரம் கூடியது. என்னிடம் செய்ய ஒன்றுமில்லை, ஆனாலும் சும்மா இருக்க முடியவில்லை. பதினோராம் மாடி நடைபாதையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். பக்கத்து வீட்டு அன்ரி கதவைத் திறந்து, "என்ன பிள்ளை, ஏதும் துலைச்சுப்போட்டீரோ," என்று கேட்பா. கண்டறியாத ஊர்களின் பெயரெல்லாம் எனக்குப் பாடமாகிவிட்டது. அந்த ஊர்ச் செய்தித்தாள்கள் எந்தப் பக்கம் என்று காலையும் மாலையும் பார்ப்பேன். ஏதாவதொன்று 'இல்லை' போடுங்கள் என்று எழுதினால் அன்று முழுவதும் சோறு இறங்காது.

அந்த நாட்களில் ஒருநாள் வேலையில் என்னை டயலிசிஸ் பகுதிக்குக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். கூடவே மகன், நல்ல பொறுப்பான பிள்ளை. டொக்டர் ஐயாவைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க, நான் தமிழில் சொல்லி முடிக்க முதல் மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டார். அப்பா சுகம், நல்லாச் சாப்பிடுகிறார், ஒரு பிரச்சினையும் இல்லை. இரண்டாவது கேள்விக்கும் அதே. எங்கள் வேலையில் முதல் சட்டமே அதுதான்: நோயாளியைப் பார், நோயாளியோடு கதை, கூட வந்தவரோடு அல்ல.

"தம்பி, டொக்டர் ஐயாவைத்தான் கேட்டவர்," என்றேன். "ஐயா சொல்லட்டும்."

மகன் முகம் சிவந்து பின்னுக்குப் போனார். ஐயா போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டார். பிறகு, "கதிரை கதவடியிலை கிடக்குப் பிள்ளை. திறந்து திறந்து பூட்ட முதுகெல்லாம் குளிருது," என்றார். பல மாதங்களாக அதே கதிரையாம். டொக்டர் அன்றைக்கே கதிரையை உள்ளே மாற்றச் சொன்னார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. வேலைக் கதையை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனாலும் பெயர் சொல்லாமல் அக்காவுக்குப் போன் எடுத்து முழுவதையும் சொன்னேன். "பார் அக்கா, ஒரு சனம் அந்த மனிசனைக் கேக்கேல்லை," என்றேன். போன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். "நிக்கிறன், நிக்கிறன்," என்றாள் அக்கா. "கறி அடிப்பிடிக்குது, பிறகு எடுக்கிறன்."

தேர்தலுக்கு மறுநாள் காலை, பஸ்ஸில் நின்றுகொண்டே முடிவைப் பார்த்தேன். இல்லை. 'இல்லை' வென்றிருந்தது, அதுவும் பெரிய வித்தியாசத்தில். மற்ற வாக்குகளை இன்னும் வாரக்கணக்கில் எண்ணுவார்களாம், ஆனால் இது திரும்பாது என்று போட்டிருந்தது. கம்பியைப் பிடித்திருந்த கை விட்டுப்போய், முன்னால் நின்ற மனுசி மேல் சாய்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அண்ணை போன் எடுத்து, "விசர்ச் சனம்," என்று தொடங்கினார். நானும் சேர்ந்து திட்டினேன். கண்ணால் காணாத ஒரு மாநிலத்துச் சனம் முழுவதன் மேலும் எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

வேலை இடைவேளையில் அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவளைத் தேற்ற வேண்டும் என்றுதான். அவளைத் தேற்றத் தேவையே இருக்கவில்லை. பயற்றம்பருப்பு வறுத்துக்கொண்டு இருந்தாள்.

"அது போகட்டும் விடு," என்றாள்.

"என்ன போகட்டும்? நாளைக்கு மனிசனுக்கு ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? உந்தச் சனத்துக்கு மனச்சாட்சி இல்லையோ? ஒரு டொக்டர் நிக்கவேணும் எண்டால் இல்லை எண்டு போட ஆருக்கு மனம் வரும்?"

"எனக்கு வந்ததடி," என்றாள் அக்கா. "நான் இல்லை எண்டுதான் போட்டனான்."

நான் வைத்தியசாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். பொய்க்காரி என்றது நினைவிருக்கிறது. பெருவிரலைக் காட்டினாயே என்றதும் நினைவிருக்கிறது. அக்கா நான் களைக்கும்வரை காத்திருந்தாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

அன்று தேர்தல் கந்தோரில் பழைய சீட்டை வாங்கிக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதுச் சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எழுதுகிற மேசைக்குப் போனால் போன் பாவிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நானில்லாமல், அண்ணையில்லாமல், வெறும் கடதாசியோடு அக்கா தனிய நின்றிருக்கிறாள். ஆறு வட்டத்தை நினைவில் வைத்து நிரப்பிவிட்டாள். டயலிசிஸ் கேள்வியில் பேனை ஓடவில்லை. அத்தான் சுவரோரத்துக் கதிரையில் இருந்தார். அவரிடம் போய், "நான் இதுக்கு என்னத்தைப் போட?" என்று கேட்டாளாம்.

"அவர் முதல்லை ஒண்டும் சொல்லேல்லை," என்றாள் அக்கா. "பிறகு, 'என்னையே கேக்கிறீர்?' எண்டு கேட்டார். எனக்கு நெஞ்சு இடிச்சுப்போச்சடி. இவ்வளவு நாளும் புத்தகம் என்ன, மீட்டிங் என்ன, வாட்ஸப் என்ன. பக்கத்திலை இருந்த மனிசன்."

"உனக்குத்தான் பயமெல்லோ, ஆள் மயங்கிப்போச்சு எண்டு," என்றேன். என் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கும் பயந்தான். உனக்கும் பயந்தான். அவருக்கு வேறை பயம். இந்தா, அவரே சொல்லட்டும்."

போன் கைமாறியது. அத்தான் தொண்டையைச் செருமினார்.

"அந்த நேரம் என்னை எழுப்பினது அந்தப் பிள்ளைதான்," என்றார். "டொக்டர் நிண்டிருந்தாலும் அவளைத்தான் கூப்பிட்டிருப்பார். அது ஒண்டு. மற்றது, கிளினிக் எங்கடை வீட்டுக்குப் பின்னாலை. நான் நடந்து போறனான். திரும்பி வரேக்கை நடக்க ஏலாது, அக்கா கார் கொண்டுவருவா. போறது மட்டும் நான் தனிய. ஒரு கோப்பி குடிக்கிற தூரந்தான். ஆனா நான் ஒருத்தற்றை கையையும் பிடிக்காமல் போற இடம் இப்ப அது ஒண்டுதான். அதைப் பூட்டிப்போட்டால் என்னைக் காரிலை ஏத்தி இறக்குவினம். உண்மையாப் பூட்டுவினமோ எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. எனக்குப் பயமாக் கிடந்தது, அவ்வளவுதான்."

"அத்தான், என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"நீர் கேக்கேல்லையே," என்றார். கோபமில்லை அந்தக் குரலில். "நீர் ஒவ்வொரு கிழமையும் போன் எடுக்கிறனீர். அத்தான் எப்பிடி எண்டு அக்காவைத்தான் கேப்பீர். நான் பக்கத்திலைதான் இருக்கிறனான். அவ, 'நல்லா இருக்கிறார்' எண்டுவா. சரி எண்டு போனை வைச்சிடுவீர்."

இடைவேளை முடிந்துவிட்டது. மேலே ஒரு நோயாளி எனக்காகக் காத்திருந்தார். நோயாளியைப் பார், நோயாளியோடு கதை. படிக்கட்டில் ஏறும்போது அந்த ஐயாவின் மகனின் சிவந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அந்தப் பிள்ளையை நான் என்ன பெரிய நீதிபதி மாதிரிப் பின்னுக்குத் தள்ளினேன். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம்.

அண்ணைக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவர் இன்றைக்கும் அந்தச் சனத்தைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். டொக்டர் நிற்க வேண்டும் என்றுதான் நானும் இன்றைக்கும் நினைக்கிறேன். அதில் எனக்கு மாற்றமில்லை.

அடுத்த செவ்வாய் அத்தானுக்குப் போன் எடுப்போம் என்று போனைத் திறந்தேன். அவருடைய இலக்கம் என்னிடம் இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து முப்பது வருடத்துக்கு மேல். அக்காவுக்கு எழுதிக் கேட்டேன். "ஏன்?" என்று எழுதினாள். பிறகு ஒன்றும் கேட்காமல் இலக்கத்தை அனுப்பினாள்.

ஸ்காபரோவில் காலை ஒன்பது மணி, அங்கே ஆறு. பஸ் தரிப்பிடத்தில் முதல் பனி ஈரமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மணி நெடுநேரம் அடித்தது.

"ஹலோ, ஆர்?" என்றார் அத்தான். மூச்சு வாங்கியது. காலடிச் சத்தம் கேட்டது, கிளினிக்குக்கு நடந்துகொண்டிருந்தார். என்னுடைய இலக்கமும் அவரிடம் இல்லை.

நான்தான் என்று சொன்னேன்.

"அக்கா வீட்டிலை நிக்கிறா," என்றார் அவசரமாக. "அவவுக்கு எடும்."

"இல்லை அத்தான். உங்களுக்குத்தான் எடுத்தனான். எப்பிடி இருக்கிறியள்?"

காலடிச் சத்தம் நின்றது. என் பஸ் வந்து கதவைத் திறந்தது, நான் ஏறவில்லை.